வேலை போனால் பிரஷர் ஏறுமா? ஜப்பானின் ஸ்ட்ரோக் கதை

(ஒலிவடிவில் வந்த அத்தியாயத்தின் எழுத்தாக்கம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஸ்ட்ரோக் பத்தி, அதாவது பக்கவாதம் பத்தி. "ஹெல்த் எபிசோடா? நான் அடுத்ததுக்குப் போறேன்"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. இது வரலாறு எபிசோடுதான். 40 வயசுக்கும் 60 வயசுக்கும் நடுவில் இருக்கிற ஒருத்தருக்கு வேலை போனால், அது அவருடைய பேங்க் அக்கவுண்ட்டோட நிக்குமா, இல்ல மூளைக்குப் போற ரத்தக்குழாய் வரைக்கும் போகுமா? இந்தக் கேள்வியை ஒரு நாடு நூறு வருஷமா தன்னையே அறியாம கேட்டுக்கிட்டே இருந்தது. அந்த நாடு ஜப்பான்.

ஏன் ஜப்பான்? ரெண்டு காரணம். ஒன்று, 1951 முதல் 1980 வரை அந்த நாட்டில் மரணங்களுக்கு முதல் காரணம் ஸ்ட்ரோக்தான். இரண்டு, "சேர்ந்த கம்பெனியில்தான் ரிட்டயர்மென்ட்" என்கிற ஏற்பாட்டை நாட்டின் அடையாளமாகவே வைத்திருந்த இடம் அது. இந்த ரெண்டு வரலாறும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நம்ம கதை இருக்கிறது.

டொயோடாவை உருவாக்கியவருக்கு என்ன ஆனது?

ஒரு மனிதரில் இருந்து தொடங்குவோம். கீச்சிரோ டொயோடா. 1937இல் டொயோடா மோட்டார் கம்பெனியை நிறுவியவர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு ஜப்பான் பொருளாதாரம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த 1949இல் அமெரிக்க வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் சொன்னபடி அரசு செலவைக் குறைத்தது, கடன் கிடைப்பது நின்றது. லாரி வாங்கியவர்கள் பணம் கட்டவில்லை. டொயோடா திவாலாகும் நிலைக்கு வந்தது. வங்கிகள் கடன் தர முன்வந்தன, ஆனால் கம்பெனி செலவைக் குறைத்தாக வேண்டும். ஆட்குறைப்பு செய்ய மாட்டேன் என்று சொல்லிவந்த கீச்சிரோ, 1950இல் சுமார் 1,600 பேரை வெளியே அனுப்பும் திட்டத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தொழிற்சங்கம் போராட்டத்தில் இறங்கியது. கடைசியில் அந்த ஜூன் மாதம் பொறுப்பேற்று, தலைவர் பதவியில் இருந்து கீச்சிரோவே விலகினார்.

இங்கதான் வரலாறு கொஞ்சம் கொடூரமா விளையாடுது. அவர் விலகிய அதே ஜூன் மாதத்தில், 25ஆம் தேதி கொரியப் போர் தொடங்கியது. அமெரிக்க ராணுவம் ஜப்பானில் லாரிகள் வாங்க ஆரம்பித்தது. டொயோடா பிழைத்துக்கொண்டது. ஒரு மாசம் தாங்கியிருந்தா கதையே வேற.

1952இல் அவரைத் திரும்பவும் தலைவராக அழைத்தார்கள். அவரும் சம்மதித்தார். ஆனால் பதவியேற்பதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச் மாதம், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். வயது 57.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். இதை வைத்து "வேலை போனதுதான் அவரைக் கொன்றது" என்று சொல்ல முடியாது. அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருந்தது. ரத்தக்கொதிப்புக்கு நல்ல மாத்திரை என்று சொல்லத்தக்க முதல் மருந்துகள் பரவலாக வந்ததே 1950களின் இறுதியில்தான். அவருக்கு எந்த நிலையிலும் ஸ்ட்ரோக் வந்திருக்கலாம். ஒரே ஒரு ஆளின் கதை எதையும் நிரூபிக்காது. ஆனால் அது ஒரு கேள்வியைக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆயிரக்கணக்கான ஆட்களின் கதை வேண்டும். அதற்குத்தான் வரப்போகிறோம்.

"சட்டென்று அடிபட்டான்"

ஜப்பானிய மொழியில் ஸ்ட்ரோக்குக்கு "நோசொச்சூ" என்று பெயர். "நோ" என்றால் மூளை. "சொச்சூ" என்றால் சட்டென்று அடிபடுவது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்றாலும் அடிதான். நம்ம ஊரிலும் "வாதம் அடிச்சிடுச்சு"ன்னுதான் சொல்றோம். மூன்று மொழியிலும் வெளியில் இருந்து யாரோ அடித்த மாதிரிதான் பேச்சு. ஆனால் அந்த அடி பல வருஷமா உள்ளேயே தயாராகிக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்ததுதான் போருக்குப் பிந்தைய ஜப்பானிய மருத்துவத்தின் பெரிய சாதனை.

வடகிழக்கு ஜப்பானில் அகிதா என்று ஒரு மாகாணம். பனி கொட்டுகிற நெல் விளையும் ஊர். குளிர்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய்கறி, உப்பு மீன், மிசோ சூப். ஒரு நாளைக்கு ஒருவர் உண்ட உப்பு 20 கிராமுக்கும் மேல். இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குக் கீழ். நடுவயதிலேயே ஆட்கள் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் நாவோசுகே சசாகி போன்றவர்கள் உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஊர் ஊராக அளந்தார்கள். 1963இல் ஒசாகாவில் இருந்து யோஷியோ கொமாச்சியின் குழு அகிதாவின் இகாவா கிராமத்துக்கு வந்தது. ஊர் மக்களுக்கு பிரஷர் பார்ப்பது, உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுப்பது, பிரஷர் அதிகம் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிப்பது. இதை ஒரு முறை செய்துவிட்டுப் போகவில்லை, வருஷா வருஷம் செய்தார்கள்.

இதே அகிதாவின் ஆண்களுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அறுவடை முடிந்ததும் டோக்கியோவுக்குக் கிளம்பி, கட்டட வேலை, சாலை வேலை என்று பல மாதம் குடும்பத்தை விட்டு இருப்பார்கள். அதற்கு "தெகாசெகி" என்று பெயர். 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோவைக் கட்டியெழுப்பிய கைகளில் இவர்களுடையவையும் உண்டு. ஆக, அந்தக் கால ஜப்பானில் ரெண்டு வகை உழைப்பாளிகள். ஒரு பக்கம் பருவத்துக்குப் பருவம் வேலை தேடுகிறவர். இன்னொரு பக்கம், பெரிய கம்பெனியில் சேர்ந்து ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கிறவர்.

உப்பு குறைந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, மாத்திரை வந்தது, பிரஷர் பார்க்கும் பழக்கம் வந்தது. 1960களின் நடுவில் இருந்து ஸ்ட்ரோக் மரணங்கள் வேகமாகச் சரிந்தன. 1981இல் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது. உலகத்தில் பல நாடுகள் இதைப் பார்த்துப் பாடம் படித்தன.

ஆயுள்கால வேலை என்றால் என்ன கிடைத்தது?

1958இல் ஜேம்ஸ் அபெக்லென் என்ற அமெரிக்கர் ஜப்பானியத் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் கவனித்த விஷயம், இங்கே கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இருப்பது வாழ்நாள் உறவு என்பது. படிப்பு முடித்ததும் சேர்வது, வயது ஏற ஏற சம்பளம் ஏறுவது, அந்தக் கம்பெனிக்குள்ளேயே சங்கம். இந்த மூன்றும் ஜப்பானிய வேலைவாய்ப்பின் தூண்கள் என்று பின்னாளில் பேசப்பட்டன.

ஆனால் இது எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் நிரந்தர ஊழியர்களுக்கு, அதிலும் ஆண்களுக்குத்தான். பெண்கள் கல்யாணமானதும் வேலையை விடுவார்கள் என்பது எழுதப்படாத விதி. சில இடங்களில் எழுதப்பட்ட விதியும்கூட. சப்-கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர்களும் தினக்கூலிகளும் இந்தக் குடைக்கு வெளியே.

குடைக்குள் இருந்தவருக்கு என்னென்ன கிடைத்தது என்று ஒரு லிஸ்ட் போட்டுப் பார்க்கணும். சம்பளம், போனஸ். கம்பெனி குவார்ட்டர்ஸ். கம்பெனி வழியான மருத்துவக் காப்பீடு. மாலையில் ஒன்றாகக் குடிக்கப் போகிற நண்பர்கள். விசிட்டிங் கார்டு, அதாவது "நான் யார்" என்ற கேள்விக்குப் பதில். இதோட சேர்த்து, நாம பெரும்பாலும் கவனிக்காத ஒன்று: 1972ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. அதில் பிரஷரும் பார்க்கப்படும்.

வேலை போனா இது எல்லாமே ஒரே நாளில் போயிடுது. வருஷா வருஷம் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து பிரஷர் பார்த்த அந்த ஏற்பாடும் போயிடுது. 1982 சட்டத்துக்குப் பிறகு 40 வயது தாண்டியவர்களுக்கு நகராட்சி, கிராம நிர்வாகங்கள் வழியாகப் பரிசோதனை வசதி வந்தது, உண்மைதான். ஆனால் அதுக்கு நீங்களா போகணும். ஆபீஸில் ஹெச்.ஆர். மெயில் வந்து போவதும், வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது தானாகக் கிளம்பிப் போவதும் ஒன்றல்ல.

வேலையே கொல்லும்போது

இந்தக் குடையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கதை பாதிதான். 1969இல் ஒரு பெரிய செய்தித்தாள் நிறுவனத்தின் பத்திரிகை அனுப்பும் பிரிவில் வேலை பார்த்த 29 வயது ஊழியர் ஸ்ட்ரோக்கில் இறந்தார். அளவுக்கு மீறிய வேலையால் வந்த மரணம் என்று பதிவான முதல் கேஸாக இதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். பின்னர் டெட்சுனோஜோ உவெஹாதா என்ற மருத்துவர் இந்த வகை மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். "கரோஷி" என்ற சொல் நிலைபெற்றது. அதிக உழைப்பால் சாவு என்று பொருள். 1988இல் வழக்கறிஞர்கள் இதற்காக ஒரு தொலைபேசி உதவி எண்ணைத் தொடங்கினார்கள். கணவனை இழந்த பெண்கள்தான் அதிகம் அழைத்தார்கள்.

2001இல் அரசு நஷ்டஈட்டுக்கான விதியைத் திருத்தியது. ஸ்ட்ரோக் அல்லது மாரடைப்புக்கு முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேரம் ஓவர்டைம், அல்லது இரண்டு முதல் ஆறு மாதத்தில் சராசரியாக மாதம் 80 மணி நேரம் ஓவர்டைம் என்றால், வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு வலுவானது என்று எடுத்துக்கொள்ளலாம். 2014இல் கரோஷி தடுப்புக்கென்றே சட்டம் வந்தது.

இது ஜப்பானோடு நிற்கவில்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பதால் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க ஸ்ட்ரோக்கால் இறந்தவர்கள் சுமார் 3,98,000 பேர் என்பது அந்தக் கணக்கு.

சரி, இப்ப ஒரு குழப்பம் வருதுல்ல? வேலை அதிகமா இருந்தா ஸ்ட்ரோக். அப்ப வேலை போனா நிம்மதிதானே, ரெஸ்ட்தானே?

நர்ஸ்கள் வீட்டுக்கு வந்தார்கள்

இதற்கு முதலில் ஒழுங்காகப் பதில் தேடியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். 1960களில், மிச்சிகன் மாநிலத்தில் ரெண்டு தொழிற்சாலைகள் மூடப்படப்போவது முன்கூட்டியே தெரிந்தது. ஸ்டானிஸ்லாவ் காஸ்ல், சிட்னி காப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். வேலை போன பிறகு ஆட்களைத் தேடிப் போகாமல், வேலை போவதற்கு முன்பே போய் அளந்தால் என்ன?

அதன்படி நர்ஸ்கள் தொழிலாளிகளின் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு முறை. மூடிய பிறகு ஒரு முறை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் வரை அவ்வப்போது. ஒப்பிடுவதற்கு, மூடப்படாத தொழிற்சாலைகளின் ஆட்களையும் அளந்தார்கள்.

1970இல் முதல் முடிவுகள் வந்தன. பிரஷர் எப்போது ஏறியது தெரியுமா? வேலை போகிறதுக்கு முன்னாடியே. மூடப்போகிறார்கள் என்ற செய்தி தெரிந்து, இன்னும் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களிலேயே அளவு உயர்ந்திருந்தது. வேலை இல்லாத காலத்திலும் உயர்ந்தே இருந்தது. புது வேலை கிடைத்து, இன்னும் அது உறுதியாகாத காலத்திலும் அப்படித்தான். புது வேலையில் ஒருவர் நிலைபெற்ற பிறகுதான் இறங்கியது. வேலையின்மை கடுமையாக இருந்தவர்களுக்கு அது இறங்கவும் நாளானது.

இந்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன்னா, இதில் "நோயாளியாக இருந்ததால்தான் வேலை போயிருக்கும்" என்ற வாதம் நிற்காது. தொழிற்சாலையே மூடினால் ஆரோக்கியமானவனுக்கும் வேலை போகும், நோயாளிக்கும் போகும். வேலைக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பைப் பேசும் எல்லா ஆய்வுக்கும் இந்த ஓட்டைதான் பெரிய தலைவலி. உடம்பு சரியில்லாததால் வேலை போனதா, வேலை போனதால் உடம்பு கெட்டதா?

பின்னாடி வந்தவர்கள் இன்னும் பெரிய கணக்குகளை எடுத்தார்கள். பிரிட்டனில் 24 ஊர்களின் நடுவயது ஆண்கள் ஆறாயிரம் பேருக்கு மேல். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்தவர்கள். அவர்களில் பிறகு வேலையிழந்தவர்கள் அடுத்த ஐந்தரை வருஷத்தில் இறக்கும் வாய்ப்பு, வேலையில் தொடர்ந்தவர்களைவிட சுமார் இரண்டு மடங்கு என்று 1994இல் வெளியான முடிவு சொன்னது. அமெரிக்காவில் வில்லியம் கேலோ குழு 1992இல் 50 வயதைத் தாண்டி வேலையில் இருந்த 4,301 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்தது. தாங்களாக விடாமல், வேலை பறிபோனவர்களுக்கு ஸ்ட்ரோக் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2006இல் சொன்னார்கள்.

குமிழி உடைந்தபோது

இப்ப ஜப்பானுக்குத் திரும்புவோம். 1989 டிசம்பர் 29ஆம் தேதி டோக்கியோ பங்குச்சந்தைக் குறியீடு உச்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு சரிவு. 1990இல் வேலையின்மை 2 சதவீதம்தான். 2002இல் அது 5.4 சதவீதம். "இவ்வளவுதானா?"ன்னு நமக்குத் தோணலாம். ஆனால் வேலை போவது என்பதே ஒரு அவமானம், தோல்வி என்று பழகிய சமூகத்துக்கு அது நிலநடுக்கம்.

"ரிசுதோரா" என்ற சொல் அன்றாடப் பேச்சில் நுழைந்தது. ரீஸ்ட்ரக்சரிங் என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானியச் சுருக்கம். பொருள், ஆட்குறைப்பு. நிரந்தர ஊழியரை நீக்குவதற்கு நீதிமன்றங்கள் கடும் நிபந்தனை வைத்திருந்ததால், பல கம்பெனிகள் நேரடியாக நீக்காமல் நெருக்கடி கொடுத்தன. வேலையே தராமல் ஜன்னலோரம் உட்கார வைப்பது 1970களிலேயே உண்டு. அப்படி உட்கார்ந்தவர்களை "ஜன்னலோரக் கூட்டம்" என்று கிண்டல் செய்வார்கள். இப்போது அதுவும் ஆடம்பரமானது.

1997 நவம்பர் 24. நூறாண்டு பழமையான யமாய்ச்சி செக்யூரிட்டீஸ் மூடப்படுவதாக அறிவிப்பு. அதன் தலைவர் டிவி கேமராக்கள் முன்னால் அழுதுகொண்டே, தப்பு ஊழியர்களுடையது அல்ல என்று சொன்னார். அடுத்த ஆண்டு, 1998இல், ஜப்பானில் தற்கொலைகள் சுமார் 24,000இல் இருந்து ஒரே தாவலில் 32,000ஐத் தாண்டின. நடுவயது ஆண்கள் அதில் பெரும் பங்கு. இது பரவலாகத் தெரிந்த துயரம். ஆனால் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அதைப் பதிவு செய்ய ஒரு கருவி தற்செயலாகத் தயாராக இருந்தது.

தற்செயலாக அமைந்த ஆய்வு

1990இலும் 1993இலும் ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையம் தலைமையில் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. நாடு முழுக்க 11 சுகாதார மையப் பகுதிகள், சுமார் 1,40,000 பேர். உணவு, புகை, குடி, நோய் எல்லாவற்றையும் கேட்டு, வருஷக்கணக்கில் தொடர்வது நோக்கம். கேள்விகளில் ஒன்று, வேலை பார்க்கிறீர்களா? ஐந்து வருஷம் கழித்து, 1995 முதல் 1998 வரை, திரும்பவும் அதே கேள்வி. அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் நாட்டின் பொருளாதாரம் உருண்டது.

ஹிரோயாசு இசோ, எஹாப் எஷாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தத் தரவை எடுத்து, 40 முதல் 59 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 42,000 ஆண்களையும் பெண்களையும் நான்காகப் பிரித்தார்கள். இரண்டு முறையும் வேலையில் இருந்தவர்கள். முதலில் இருந்து பிறகு இழந்தவர்கள். முதலில் இல்லாமல் பிறகு கிடைத்தவர்கள். இரண்டு முறையும் இல்லாதவர்கள். பிறகு, சுமார் 15 வருஷம் யாருக்கு ஸ்ட்ரோக் வந்தது என்று பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது.

தொடர்ந்து வேலையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், வேலையிழந்த ஆண்களுக்கு ஸ்ட்ரோக் வரும் அபாயம் சுமார் 60 சதவீதம் கூடுதல். பெண்களுக்கு சுமார் 50 சதவீதம். ஸ்ட்ரோக்கால் இறக்கும் அபாயம் இரு பாலருக்கும் இரண்டு மடங்குக்கும் மேல்.

"60 சதவீதம் கூடுதல்"னா, நூறில் அறுபது பேருக்கு ஸ்ட்ரோக் வரும்னு அர்த்தம் கிடையாது. ஒரு பேச்சுக்கு, வேலையில் இருக்கிற நூறு பேரில் மூன்று பேருக்கு வரும் என்றால், வேலையிழந்த நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு வரும். தனி ஆளுக்கு இது பெரிய பயமுறுத்தல் அல்ல. ஆனால் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை இழக்கும் நாட்டுக்கு, அந்தக் கூடுதல் ரெண்டு பேர் என்பது மருத்துவமனை வார்டு வார்டாக நிரம்புவது.

எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு எண். வேலை இல்லாமல் இருந்து திரும்ப வேலைக்குச் சேர்ந்த ஆண்களுக்கு அபாயம் சுமார் மூன்று மடங்கு. இழந்தவர்களைவிடவும் அதிகம்! பெண்களிடம் அப்படி ஒரு பாய்ச்சல் இல்லை.

திரும்பக் கிடைத்த வேலை ஏன் காப்பாற்றவில்லை?

எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கணும். 1990 ஜப்பானில் நாற்பது வயதில் வேலை இல்லாத ஆண் அபூர்வம். ஆகவே அந்தக் குழு சின்னதாகத்தான் இருந்திருக்க முடியும். அதில் முன்பே உடம்பு சரியில்லாதவர்களும் இருந்திருக்கலாம். மூன்று மடங்கு என்பதை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு போட்டோக்கள்தான் இந்த ஆய்வு. நடுவில் நடந்தது அதில் தெரியாது.

ஆனால் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அது விசித்திரமாக இல்லை. வயதுக்கேற்ப சம்பளம் ஏறும் அமைப்பில், 48 வயதில் வெளியே வந்தவருக்கு அடுத்த கம்பெனியில் பழைய நாற்காலி கிடைக்காது. படியின் அடியில் இருந்து தொடங்க வேண்டும். சம்பளம் குறைவு, ஒப்பந்த வேலை, தன்னைவிட இளையவர் மேலதிகாரி. திரும்பவும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் "முடியாது" என்று சொல்லாமல் ஓவர்டைம். அதாவது, வேலை இழந்தவனின் பயமும் கரோஷிக்காரனின் உழைப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. மிச்சிகன் தொழிலாளிகளின் பிரஷர், புது வேலை உறுதியாகும்வரை இறங்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். பல ஜப்பானியருக்கு அந்த உறுதி வரவே இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? நீண்ட நாள் பதற்றத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன, பிரஷர் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது. சிகரெட்டும் குடியும் கூடுகின்றன. காசு மிச்சம் பிடிக்க மாத்திரையை நிறுத்துகிறார்கள். நாற்பது, ஐம்பது வயதில் ரத்தக்குழாய் ஏற்கெனவே இறுக ஆரம்பித்திருக்கும். இருபது வயதில் உடம்பு தாங்கிக்கொள்ளும் அதே அதிர்ச்சியை, அந்த வயதில் தாங்குவது கஷ்டம்.

இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியும் இருக்கு. ஸ்வீடனில் மார்கஸ் எலியாசன், டொனால்ட் ஸ்டோரி இருவரும் தொழிற்சாலை மூடலால் வேலையிழந்தவர்களை ஆராய்ந்தார்கள். குடி சார்ந்த நோய்களுக்காக மருத்துவமனைக்குப் போவது கூடியிருந்தது. ஆண்களிடம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதும் கூடியிருந்தது. ஆனால் மாரடைப்பும் ஸ்ட்ரோக்கும் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 

அதே வேலையிழப்பு, வேறு நாடு, வேறு விளைவு. ஸ்வீடனில் வேலை போனாலும் மருத்துவம் போகாது, உதவித்தொகை உண்டு, மறுபயிற்சி உண்டு. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: ஒரு சமூகம் எத்தனை விஷயங்களை வேலையோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறதோ, வேலை போகும்போது அத்தனையும் சேர்ந்து போகும். ஜப்பான் வீடு, வைத்தியம், நண்பர்கள், மரியாதை என்று எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தது.

நமக்கு என்ன?

இதைக் கேட்கிற பலருக்கு இருபது, முப்பது வயசுதான் இருக்கும். உங்களுக்கு நாளைக்கே ஸ்ட்ரோக் வரும்னு பயமுறுத்த நான் வரல. ஆனா உங்க வீட்டில் அப்பா, சித்தப்பா, மாமா, அம்மா, அத்தை, யாராவது நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருப்பாங்க. கம்பெனி மூடிட்டாங்க, இல்ல "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க"ன்னு சொல்லிட்டாங்கன்னா, நாம என்ன கேக்கறோம்? "அடுத்து எங்க அப்ளை பண்ணியிருக்கீங்க?" அதோட சேர்த்து ஒரு கேள்வி: "கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்க?"

நம் ஊரிலும் ஆபீஸ் கொடுக்கும் குரூப் இன்சூரன்ஸ் பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். வருடாந்திர செக்-அப்பும் அதோடு போகும். பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது அதில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இலவசம். இதைச் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருக்கும் நீங்கதான். வேலை போகப்போகிறது என்ற வதந்தி வந்த நாளில் இருந்தே பார்க்கத் தொடங்கலாம். மிச்சிகனில் அப்போதே ஏறியது. புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் நிறுத்த வேண்டாம். ஜப்பானில் அதற்குப் பிறகும் ஆபத்து போகவில்லை.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது. இதில் எது தெரிந்தாலும் "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்"னு விடாதீங்க. 108க்குக் கூப்பிடுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து வேலை செய்ய, தொடங்கியதில் இருந்து நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு. எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்து வையுங்க, டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

1963இல் இகாவா கிராமத்துக்குப் போனவர்கள் செய்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஊருக்குப் போனார்கள், கையில் பட்டையைச் சுற்றினார்கள், அளவை எழுதினார்கள், அடுத்த வருஷமும் போனார்கள். வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர்கள் பிரஷர் பார்க்கவில்லை.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம். உங்க வீட்டில் இப்படி ஒரு அனுபவம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்க.